எடை அப்படியே இருக்கட்டும், உடம்பு மட்டும் இறுகட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். வேலை புதுச்சேரி முதலியார்பேட்டையில் ஒரு சின்ன ஜிம்மில், பயிற்சியாளராக. காலை பஸ் ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் வாட்ஸ்அப்பில் கேள்விகள் வந்துவிடும். முன்பெல்லாம் "பத்து கிலோ குறைக்கணும்" என்றுதான் வருவார்கள். இப்போது வேறொரு கூட்டம் வருகிறது. எடை சரியாகத்தான் இருக்கிறது, இன்னும் குறைந்தால் சொந்தக்காரர்கள் "உடம்புக்கு என்ன?" என்று விசாரிப்பார்கள். ஆனால் கண்ணாடியில் பார்த்தால் தொளதொளவென்று இருக்கிறது. இந்தக் கேள்வி பதில் அவர்களுக்குத்தான். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டி விரல் தேய்ந்துவிட்டது.

எடை மாறாமல் உடம்பு மட்டும் எப்படி மாறும்?

கொழுப்பு குறைந்து, அதே அளவு தசை ஏறினால் மெஷினில் முள் நகராது, உடம்பு மாறிவிடும். ஒரு கிலோ கொழுப்பு சுமார் 1.1 லிட்டர் இடம் பிடிக்கும். ஒரு கிலோ தசைக்கு 0.94 லிட்டர் போதும். இரண்டு கிலோ இப்படிக் கைமாறினால் உடம்பின் மொத்தக் கொள்ளளவில் முந்நூறு மில்லிக்கு மேல் குறைகிறது, ஒரு சின்ன கூல்டிரிங்ஸ் பாட்டில் அளவுக்கு. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் போவது இடுப்பிலிருந்து, வருவது தோளிலும் முதுகிலும் தொடையிலும் என்பதால் பார்க்கிறவர்கள் "இளைச்சிட்டீங்களா?" என்பார்கள். எடையைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே போட்டார்கள்: புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றுதான், 22.3. உடம்புக் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். மெலிந்த கைகால், உள்ளே கொழுப்பு. நம்மூர் ஆட்களில் இந்த வகை நிறைய. எடை மெஷின் இதைக் காட்டாது.

டோனிங் என்று தனியாக ஒரு பயிற்சி இருக்கிறதா?

இல்லை. ரோஸ் கலர் ஒரு கிலோ டம்பெலை ஐம்பது தடவை ஆட்டுவதற்கு யாரோ வைத்த பெயர் அது. தசை வளர வேண்டும், மேலே உள்ள கொழுப்பு கொஞ்சம் குறைய வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்தால் வருவதைத்தான் டோன் என்கிறார்கள். தசை வளர அதற்குச் சிரமம் தெரிய வேண்டும். ஐந்து தடவையில் சிரமப்பட்டாலும் சரி, முப்பது தடவையில் சிரமப்பட்டாலும் சரி, கடைசி இரண்டு மூன்று தடவை நிஜமாகவே கஷ்டமாக இருந்தால் பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான். முப்பது தடவை முடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனில் பேச முடிகிறது என்றால் அது பயிற்சியில் சேராது.

தினமும் பீச்சில் நடக்கிறேன். அது போதாதா?

நடையை நிறுத்தச் சொல்லமாட்டேன். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை ஆறிலிருந்து காலை ஏழரை வரை வண்டி விடுவதில்லை. கடலூர்க்காரர்களுக்குத் தேவனாம்பட்டினம் இருக்கிறது. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனசுக்கும் நடை நல்லது. ஆனால் உங்கள் கால் உங்கள் எடையைப் பிறந்தது முதல் சுமந்து பழகிவிட்டது. இன்னொரு கிலோமீட்டர் நடந்தால் தசை வளர அதற்குக் காரணமே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் நடை போன்ற மிதமான உழைப்பும், அதற்குமேல் வாரத்தில் இரண்டு நாளாவது தசை வலுவாக்கும் பயிற்சியும் என்று இரண்டையும் தனித்தனியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். நாம் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு நடக்கக் கிளம்பிவிட்டோம்.

தொப்பையை மட்டும் குறைக்க என்ன பயிற்சி? கைச்சதைக்கு?

ஓர் இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொழுப்பைக் கரைக்க முடியாது. கொழுப்பு ரத்தத்தில் கலந்துதான் எரிபொருளாகப் போகிறது. எந்த இடத்திலிருந்து முதலில் எடுப்பது என்பதை உங்கள் மரபணுவும் ஹார்மோன்களும் முடிவு செய்கின்றன. படுத்து எழும் பயிற்சியை நூறு தடவை செய்தால் வயிற்றுத் தசை வலுவாகும், அதன்மேல் போர்த்திய கொழுப்பு அப்படியே இருக்கும். ஆண்களுக்குப் பெரும்பாலும் தொப்பைதான் கடைசியாகப் போகும், பெண்களுக்கு இடுப்பும் தொடையும்.

பெண்கள் எடை தூக்கினால் ஆம்பளை மாதிரி ஆகிவிடுமே?

வாரத்துக்கு ஒரு முறையாவது வரும் கேள்வி. கேட்பவர் பெரும்பாலும் அந்தப் பெண் இல்லை, அவருடைய மாமியாரோ கணவரோ. பெண்ணின் உடம்பில் தசை வளர்க்கும் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஆணுக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. பார்த்துப் பயப்படுகிற அந்தப் படங்களில் இருக்கும் பெண்கள் பல வருடம் அதையே தொழிலாக உழைத்தவர்கள், சிலர் ஹார்மோன் ஊசியும் போட்டவர்கள். தற்செயலாக யாருக்கும் அப்படி ஆகிவிடாது. ஆண்களே மூன்று வருடம் முயற்சி செய்தும் ஆகவில்லை என்று என்னிடம் அழுகிறார்கள்.

வாரத்துக்கு எத்தனை நாள்? என்னென்ன செய்ய வேண்டும்?

மூன்று நாள் போதும். திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்கு ஐம்பது நிமிடம். ஆறு நாள் வருகிறேன் என்று ஆரம்பிப்பவர்கள் மூன்றாவது வாரம் காணாமல் போவார்கள், பார்த்துப் பழகிவிட்டது.

ஒவ்வொரு நாளும் உடம்பு முழுவதும் செய்யலாம். மனித உடம்பு செய்யும் பெரிய வேலைகள் ஐந்துதான்: உட்கார்ந்து எழுவது, குனிந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, சுமந்து நடப்பது. மணக்குள விநாயகர் முன்னால் போடும் தோப்புக்கரணம் முதல் வகை. கீழே கிடக்கும் சிலிண்டரை முதுகு வளையாமல் இடுப்பிலிருந்து குனிந்து எடுப்பது இரண்டாவது. தண்டால் மூன்றாவது. கரைவலை இழுக்கும் மீனவர்களைத் தேவனாம்பட்டினத்தில் பார்த்திருப்பீர்கள். அந்த முதுகு எந்த ஜிம்மிலும் கிடைக்காது, அது நான்காவது. தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவது ஐந்தாவது.

ஒவ்வொரு வகையிலும் ஒரு பயிற்சி, ஒன்றுக்கு மூன்று செட் (நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்றுதான் செட்), ஒரு செட்டுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை. சுமந்து நடப்பதற்கு மட்டும் தடவைக்குப் பதில் முப்பது நாற்பது அடி தூரம். செட்டுகளுக்கு நடுவே ஒன்றரை, இரண்டு நிமிட ஓய்வு. அந்த ஓய்வைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துக் குறைத்துவிடாதீர்கள். அடுத்த செட்டில் தூக்க முடிவதே அதனால்தான்.

இதில் உயிரான விஷயம் ஒன்று உண்டு, பலர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். போன மாதம் தூக்கிய அதே எடையை இந்த மாதமும் தூக்கினால் உடம்பு மாறுவதற்கு அவசியம் இல்லை. மூன்று செட்டிலும் பன்னிரண்டு தடவை ஒழுங்காக முடிந்துவிட்டதா? அடுத்த முறை இரண்டரை கிலோ ஏற்றுங்கள், எட்டிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கித் தேதி, எடை, தடவை மூன்றையும் எழுதுங்கள். நோட்டு வைத்திருப்பவர்களையும் வைத்திராதவர்களையும் ஆறு மாதம் கழித்துப் பக்கத்தில் நிற்க வைத்தால் நானே சொல்ல வேண்டியதில்லை.

ஜிம்முக்குப் போக வசதி இல்லை. வீட்டில் முடியுமா?

முதல் ஆறு மாதத்துக்குத் தாராளமாக முடியும். இருபது லிட்டர் தண்ணீர் கேன் இருபது கிலோ. பாதி நிரப்பினால் பத்து. பழைய ஸ்கூல் பையில் ஐந்து கிலோ அரிசிப் பை இரண்டைப் போட்டு மாட்டிக்கொண்டு, உட்கார்ந்து எழும் பஸ்கி எடுங்கள். தண்டால் தரையில் வரவில்லையா, சுவரில் கை வைத்து ஆரம்பித்து, பிறகு கட்டில் விளிம்பு, பிறகு தரை. ஒரு கையை ஸ்டூலில் ஊன்றிக் குனிந்து, மறு கையால் ஐந்து லிட்டர் கேனை இடுப்பு வரை இழுத்தால் முதுகுக்கு வேலை.

கர்லாக்கட்டை பற்றியும் கேட்கிறார்கள். தோளுக்கும் கைப்பிடி வலுவுக்கும் அருமையான சாதனம். ஆனால் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் வீடியோ பார்த்துச் சுழற்ற வேண்டாம். தலை ஒன்றுதான் இருக்கிறது. காலுக்கு அது போதாது என்பதால் பஸ்கியையும் விடாதீர்கள்.

எடை மாறாமல் இருக்க எவ்வளவு சாப்பிட வேண்டும்?

இப்போது சாப்பிடும் அளவுதான். எடை சில மாதமாக நிலையாக இருக்கிறது என்றால் உங்கள் கணக்கு சரியாகவே இருக்கிறது. கலோரி செயலி எதுவும் தேவையில்லை. அளவைத் தொடாமல் தட்டில் இருப்பதை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டு கரண்டி சோறு போய், அந்த இடத்துக்கு ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ வர வேண்டும். பயிற்சி ஆரம்பித்ததும் "உழைக்கிறேனே" என்று சாயங்காலம் இரண்டு பஜ்ஜி கூடுதலாகச் சாப்பிடுவது ஒரு பக்கம், பயந்து ராத்திரிச் சாப்பாட்டையே நிறுத்துவது இன்னொரு பக்கம். இரண்டும் வேண்டாம்.

தசை ஏறினால் சும்மா உட்கார்ந்திருந்தாலே கலோரி எரியும் என்று விளம்பரம் செய்கிறார்கள். ஒரு கிலோ தசை ஓய்வில் ஒரு நாளுக்கு எரிப்பது சுமார் 13 கலோரி. அரை பிஸ்கட்.

புரோட்டீன் எவ்வளவு? நம்ம சாப்பாட்டிலேயே கிடைக்குமா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை, சாதாரண ஆளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். எடைப் பயிற்சி செய்து தசை ஏற்ற வேண்டும் என்றால் 1.2 முதல் 1.6 கிராம் வரை போகலாம். அறுபது கிலோ ஆளுக்கு 72 முதல் 96 கிராம்.

நம் தட்டில் இது எங்கே இடிக்கிறது என்றால், சாம்பாரில் பருப்பு இருக்கிறது என்று நாம் நம்புகிறோம். ஒரு கிண்ணம் சாம்பாரில் நான்கு கிராம் இருந்தால் அதிகம். ஒரு இட்லியில் சுமார் இரண்டு. ஆக மூன்று இட்லி, சாம்பார் என்றால் பத்து கிராம். அதோடு இரண்டு முட்டை சேர்த்தால் இருபத்திரண்டு. மதியம் நூற்றைம்பது கிராம் மீன் இருபத்தெட்டு கிராம் தரும். சோறும் தயிரும் சேர்ந்து இன்னும் எட்டு, ஒன்பது. சாயங்காலம் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும் ஒரு டம்ளர் பாலும் பதினான்கு. ராத்திரி இரண்டு சப்பாத்தியோடு ஒரு கை அளவு கோழி. தொண்ணூறைத் தொட்டுவிடலாம்.

வஞ்சிரம்தான் வேண்டும் என்று இல்லை. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விலை குறைவாகக் கிடைக்கும் மத்தியிலும் நெத்திலியிலும் அதே புரோட்டீன்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, மீன் விலை எகிறும். அப்போது முட்டைக்கும் மீல் மேக்கருக்கும் மாறிக்கொள்ளுங்கள். உலர்ந்த மீல் மேக்கர் நூறு கிராமில் ஐம்பது கிராமுக்கு மேல் புரோட்டீன். புரட்டாசி மாதத்துக்கும் இதே கதைதான்: மீல் மேக்கர், பனீர், தயிர், பச்சைப்பயறு. ஒரு மாதம் கறி சாப்பிடாவிட்டால் தசை எங்கும் போய்விடாது.

பண்ருட்டி முந்திரியைப் பற்றி ஒரு வார்த்தை. நூறு கிராமில் 18 கிராம் புரோட்டீன் உண்மைதான், கூடவே 550 கலோரிக்கு மேல் இருக்கிறது. எங்கள் மாவட்டத்துச் சரக்கு என்பதால் சொல்ல மனசு வரவில்லை, ஆனாலும் கையளவோடு நிறுத்துங்கள்.

பவுடர் குடிக்கலாமா? கிரியேட்டின்?

பவுடர் என்பது பாலிலிருந்து பிரித்த புரோட்டீன். ஒரு கரண்டியில் 24 கிராம் அளவு. சாப்பாட்டில் முடிந்தால் தேவையில்லை, முடியாவிட்டால் தவறில்லை. கிரியேட்டின், தசைக்குச் சட்டென்று சக்தி கிடைக்க உதவும் பொருள். தினம் 3 முதல் 5 கிராம்; நிறைய ஆராய்ந்து பார்த்தது. தசைக்குள் தண்ணீரை இழுப்பதால் ஒரு கிலோ எடை கூடும், பயப்பட வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இரண்டையும் தொடக்கூடாது.

தசை ஏற ஹார்மோன் ஊசி, மாத்திரை என்று யாராவது பேச்செடுத்தால் அந்த இடத்தைவிட்டு வந்துவிடுங்கள். வேறொரு இடத்தில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்த ஒரு பையனுக்கு இருபத்து மூன்று வயது. மார்பு வீங்கியிருந்தது, அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டான். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் உடம்பு தன் உற்பத்தியை நிறுத்திவிடும். விந்தணு குறையும், இதயமும் ஈரலும் அடிபடும்.

இரண்டு வாரத்தில் ஒன்றரை கிலோ ஏறிவிட்டது! நிறுத்திவிடவா?

வேண்டாம். அது தண்ணீர். புதிதாக உழைக்கும் தசை மாவுச்சத்தைச் சேமிக்கும். அப்படிச் சேரும் ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொள்ளும். தசை வலி இருக்கும் நாட்களில் உள்ளே கொஞ்சம் வீக்கமும் உண்டு. ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால் தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். கல்யாண சீசனாக இல்லாவிட்டால் நீங்கள் சாப்பிட்டிருக்க வாய்ப்பில்லை.

அப்படியானால் எதை வைத்து அளப்பது?

இஞ்ச் டேப். காலையில், சாப்பிடுவதற்கு முன், தொப்புள் மட்டத்தில், மூச்சை இழுக்காமல். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். நம்மவர்களுக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டர், பெண்கள் 80 என்பது எச்சரிக்கைக் கோடு. மாதம் ஒரு போட்டோ, அதே ஜன்னல் வெளிச்சத்தில். அப்புறம் அந்த நாற்பது பக்க நோட்டு.

எடையைப் பார்த்தே தீருவேன் என்றால் தினமும் பார்த்து வார சராசரியை மட்டும் எடுங்கள். ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் ஒரு கிலோ மாறுவது சாதாரணம். காலில் ஏறி நின்றால் கொழுப்பு சதவீதம் சொல்லும் மெஷின் மின்சாரத்தை அனுப்பி அனுமானிக்கிறது. இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தால் அதன் கணக்கு மாறிவிடும். ஜோசியம் மாதிரி கேட்டுக்கொள்ளலாம்.

எத்தனை நாளில் தெரியும்?

பலம் மூன்று நான்கு வாரத்தில் தெரியும். அது தசை வளர்ந்ததால் அல்ல, நரம்பு பழகியதால். உங்களுக்கே கண்ணாடியில் தெரிய இரண்டு மூன்று மாதம். மற்றவர்களுக்குத் தெரிய ஐந்தாறு மாதம். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கும், விட்டுவிட்டுத் திரும்ப வருபவர்களுக்கும்தான் கொழுப்பு போய்த் தசை வரும் இந்த மாற்றம் சுலபமாக நடக்கும். ஐந்து வருடமாகத் தூக்குகிறவருக்குக் கொழுப்பு குறைவதும் தசை ஏறுவதும் ஒரே நேரத்தில் நடப்பது கடினம்.

வார இறுதியில் கொஞ்சம் குடிப்பேன். பரவாயில்லையா?

புதுச்சேரியில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. அறுபது மில்லி விஸ்கியில் சுமார் 140 கலோரி. மூன்று அடித்தால் ஒரு வேளைச் சாப்பாடு, அதில் சைடு டிஷ் சேரவில்லை. தூக்கமும் கெடும், தசை தேறுவது தூக்கத்தில்தான்.

அம்மாவுக்கு 58 வயது, மூட்டு வலி. அவர் செய்யலாமா?

அவர்தான் முதலில் செய்ய வேண்டும். முப்பதுக்கு மேல் பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் தசை தானாகவே கரைகிறது, அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. எடை மாறாமல் இருக்கிறதே என்று சந்தோஷப்படும் அம்மாக்களுக்கு உள்ளே தசை போய் அந்த இடத்தில் கொழுப்பு வந்திருக்கும். உயரமான நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவதில் ஆரம்பியுங்கள், எட்டு தடவை. சுலபமானால் நாற்காலியைத் தாழ்வாக்குங்கள். முட்டியைச் சுற்றியுள்ள தசை வலுவானால் வலி பலருக்குக் குறைகிறது. பி.பி. இருந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கக்கூடாது. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் டாக்டரிடம் சொல்லிவிட்டு ஆரம்பிக்க வேண்டும், சர்க்கரை இறங்கிவிடும் வாய்ப்பு உண்டு.

வயதானவர்கள் வெட்கப்பட்டால் டிசம்பர் 2ஆம் தேதி அரவிந்தர் ஆசிரமத்தின் விளையாட்டு மைதானத்தில் ஆண்டுதோறும் நடக்கும் உடற்பயிற்சி நிகழ்ச்சியைப் பற்றிச் சொல்வேன். குழந்தைகளோடு தலை நரைத்தவர்களும் வரிசையில் நிற்பார்கள்.

எடை மாறாமல் இறுக்குவது எல்லோருக்கும் சரிவருமா?

வராது. பி.எம்.ஐ. 25ஐத் தாண்டி இடுப்பும் முன்பு சொன்ன 90, 80 சென்டிமீட்டர் கோட்டைத் தாண்டியிருந்தால் எடையும் குறையத்தான் வேண்டும். அவர்களும் இதே பயிற்சிதான் செய்ய வேண்டும், சாப்பாடு மட்டும் சற்றுக் குறையும். 18.5க்குக் கீழே இருப்பவர்கள் எடை ஏற்ற வேண்டும். நடுவில் இருப்பவர்களுக்குத்தான் நான் இவ்வளவு நேரம் சொன்னது.

ஒரு வருட சந்தா மொத்தமாகக் கட்டினால் பாதி விலை என்கிறார்களே?

நான் வாலிபத்தில் அப்படி ஓர் இடத்தில் கட்டினேன். மூன்றாவது மாதம் ஷட்டரில் பூட்டு. மாதாமாதம் கட்டுங்கள்.

நான்கு மாதம் ஆகிறது. எடை அதேதான். பேன்ட் இடுப்பில் நழுவுகிறது, தொடையில் பிடிக்கிறது. என்ன செய்வது?

வாழ்த்துகள். டெய்லரிடம் இடுப்பை உள்ளே மடித்துத் தைக்கச் சொல்லுங்கள், துணியை வெட்ட வேண்டாம். பிளவுஸ் கை பிடித்தால் உள்ளே விட்டிருக்கும் துணியில் அரை இஞ்ச் பிரிக்கலாம். புது பேன்ட் மட்டும் இப்போது வாங்காதீர்கள், இன்னும் இரண்டு மாதம் போகட்டும்.